இரண்டு அறை வண்டு

மும்பை ட்ராம்பேயில் உள்ள எங்கள் சீத்தா கேம்பில் பிள்ளைகள் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனால், கம்பவுண்டர் பஞ்சில் நனைத்துக் காயத்தில் ஒற்றுகிற மருந்து பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடுதான். ஒற்றியதும் வெள்ளை வெளேரென்று நுரை பொங்கும். பிள்ளை பயந்துபோய் காலை இழுத்துக்கொள்ளும். அந்த நுரைக்குள் இருப்பது ஆக்சிஜன். நம் ரத்தத்திலும் திசுக்களிலும் கேட்டலேஸ் என்றொரு நொதி இருக்கிறது. பெராக்சைடு அதைத் தொட்டவுடன் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைகிறது. உடையும்போது வெப்பமும் வெளிவருகிறது. மருந்துக்கடைப் பாட்டிலில் பெராக்சைடு 6 சதவீத அளவில்தான் இருக்கும், மீதி தண்ணீர். அதனால் அந்தச் சூடு நமக்குத் தெரிவதில்லை.

இதே பெராக்சைடை ஏறத்தாழ 25 சதவீத அடர்த்தியில் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நடமாடும் வண்டு ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. பெராக்சைடு மட்டுமல்ல, அதோடு கலந்து சுமார் 10 சதவீதம் ஹைட்ரோகுவினோனும் வைத்திருக்கிறது. ஹைட்ரோகுவினோனும் நமக்கு அந்நியமான பொருள் இல்லை. ஃபிலிம் கேமரா காலத்தில் போட்டோ ஸ்டுடியோவின் இருட்டறையில் படம் கழுவ உதவிய ரசாயனம் அது. முகத்தில் மங்கு விழுந்தால் தோல் டாக்டர் எழுதித் தருகிற சில களிம்புகளிலும் அது இருக்கிறது. இந்த இரண்டையும் உடம்புக்குள் தயாரித்துச் சேமித்து, யாராவது காலைக் கடித்தால் கொதிக்கக் கொதிக்கப் பீய்ச்சியடிக்கும் அந்த உயிரைப் பீரங்கி வண்டு என்று அழைக்கலாம்.

பீரங்கி வண்டு என்பது ஒரே ஒரு இனம் அல்ல. தரை வண்டுகளின் குடும்பம் மிகப் பெரியது. காரபிடே என்று அறிவியலில் பெயர். உலகம் முழுக்க சுமார் 40,000 இனங்கள் அதில் இருக்கின்றன. அதற்குள் பீய்ச்சும் வித்தை தெரிந்த பிரிவுகளில் மிகவும் பேர்பெற்றது பிராக்கினஸ், ஃபெரோப்சோஃபஸ் முதலியவை அடங்கிய பிரிவு. அதில் மட்டும் 500-க்கும் மேற்பட்ட இனங்கள். இந்தியாவில் பரவலாகக் கண்ணில் படுவது ஃபெரோப்சோஃபஸ். நீளம் 2 சென்டிமீட்டர் பக்கத்தில். தலையும் கால்களும் மஞ்சள் பூத்த செம்பழுப்பு. முதுகை மூடியிருக்கும் கெட்டிச் சிறகுகள் கறுப்பு. அவற்றில் மஞ்சள் திட்டுகள், நீளவாக்கில் வரிவரியாக மேடு பள்ளம். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். பெரும்பாலான வண்டுகளுக்குக் கெட்டிச் சிறகு வயிற்றின் நுனிவரை மூடியிருக்கும். இதற்கு நுனிக்குச் சற்று முன்பே நேர்கோடாக வெட்டிவிட்டதுபோல் நின்றுவிடுகிறது. வயிற்றின் கடைசிக் கணுக்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பீரங்கியின் வாய் அங்கேதான் இருக்கிறது. எந்தப் பக்கமும் திருப்ப வசதியாக அதற்கு மூடாக்கு இல்லை.

பகலில் கல், செங்கல், ஈர இலைக்குப்பை இவற்றுக்கு அடியில் கிடக்கும். இரவில் வெளியே வந்து வேட்டையாடும். ஈரம் வேண்டும், அதுவும் நல்ல தண்ணீரின் ஈரம். குளத்தங்கரை, வாய்க்கால் ஓரம், வயல் வரப்பு இவை அதற்குப் பிடித்த இடங்கள். சீத்தா கேம்பின் மண் தாணே கழிமுகத்துச் சதுப்பு, உப்பேறிய மண். ஆகவே வாசலைத் திறந்தவுடன் இந்த வண்டு நிற்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தீபாவளி லீவுக்குக் குர்லாவில் ரயிலேறித் திருநெல்வேலிப் பக்கம் போகும் பிள்ளைகளுக்கு, அங்கே வடகிழக்குப் பருவமழையில் நனைந்து கிடக்கும் வரப்போரக் கல் ஒவ்வொன்றும் ஒரு வாய்ப்பு.

இனி அதன் வயிற்றுக்குள் போவோம். இந்த அத்தியாயத்தில் நான் அதிக நேரம் நிற்கப்போவது அங்கேதான்.

வயிற்றின் நுனியில் இடமும் வலமுமாக இரண்டு சுரப்பித் தொகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் இரண்டு அறைகள். உள்ளே இருப்பது சேமிப்பு அறை. அது மெல்லிய பை, சுற்றிலும் தசை. பெராக்சைடும் ஹைட்ரோகுவினோனும் இந்த ஒரே பையில்தான் கலந்து கிடக்கின்றன. இரண்டையும் தனித்தனிப் பைகளில் வைத்திருந்து கடைசி நொடியில் கலக்கிறது என்று பல புத்தகங்களில் எழுதியிருக்கிறார்கள். அது சரியல்ல. இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன, ஒன்றும் ஆவதில்லை. ஏனென்றால் தூண்டிவிட நொதி அங்கே இல்லை. நொதி இருப்பது அடுத்த அறையில்.

அடுத்த அறை சிறியது, ஆனால் அதன் சுவர் கெட்டியானது. கைட்டினும் புரதமும் மெழுகும் சேர்ந்து இறுகிய சுவர். அந்தச் சுவரை ஒட்டிய செல்கள் கேட்டலேஸையும் பெராக்சிடேஸையும் சுரந்து தயாராக வைத்திருக்கின்றன. இரண்டு அறைக்கும் நடுவே ஒரு வால்வு. வண்டைச் சீண்டினால் சேமிப்பு அறையின் தசை இறுகுகிறது. வால்வு வழியாகத் துளி திரவம் கெட்டி அறைக்குள் புகுகிறது. கேட்டலேஸ் பெராக்சைடை உடைக்கிறது. பெராக்சிடேஸ் ஹைட்ரோகுவினோனை ஆக்சிஜனேற்றம் செய்து பென்சோகுவினோன் ஆக்குகிறது. இரண்டு வினைகளும் வெப்பத்தைக் கொட்டுகின்றன. திரவம் கொதிநிலைக்குப் போகிறது, ஒரு பகுதி ஆவியாகிறது, வெளிப்பட்ட ஆக்சிஜன் எல்லாவற்றையும் வெளியே தள்ளுகிறது. 'டப்' என்று காதில் கேட்கும்படி ஒரு சத்தம். கூடவே புகைபோல ஒரு கீற்று. மூக்கைத் துளைக்கும் நெடி.

இந்த ரசாயனத்தை முதலில் பிரித்துச் சொன்னவர் ஜெர்மனியின் ஹெர்மன் ஷில்ட்க்னெக்ட். 1950-களின் கடைசியிலும் 1960-களின் தொடக்கத்திலும் அவர் செய்த வேலை அது. அதைத் தொடர்ந்து வெப்பத்தை அளந்தவர்கள் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஐஸ்னரும் டேனியல் அனஷான்ஸ்லியும் அவர்களோடு இருந்தவர்களும். 1969-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான அவர்கள் கட்டுரையின் முடிவு: தெறிப்பின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸ். ஓர் உயிரின் உடம்புக்குள் நொதிகள் கொதிநீர் வெப்பத்தை உண்டாக்குகின்றன என்பதை அன்றைக்கு யாரும் சுலபமாக நம்பியிருக்க மாட்டார்கள்.

ஐஸ்னரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் என்னால் தாண்டிப்போக முடியவில்லை. 1929-ல் பெர்லினில் பிறந்தவர். ஹிட்லரிடமிருந்து தப்பிய குடும்பம், உருகுவேயில் வளர்ந்தார். ஊர் விட்டு ஊர் போன அந்தப் பிள்ளைக்குத் துணையாக இருந்தவை பூச்சிகள்தாம். 2011-ல் இறக்கும்வரை பூச்சிகளை விட்டு அவர் விலகவில்லை. அவருடைய சோதனைகளில் என்னை மயக்குவது அவற்றின் எளிமை. வண்டின் முதுகில் மெழுகால் ஒரு கம்பியை ஒட்டி, அதை ஒரு காகிதத்தின்மேல் நிறுத்துவார். காகிதம் ஸ்டார்ச்சிலும் பொட்டாசியம் அயோடைடிலும் நனைத்தது. குவினோன் பட்ட இடம் கறுத்துவிடும். இடுக்கியால் வண்டின் முன்னங்காலை லேசாகக் கிள்ளுவார், எறும்பு கடிப்பதுபோல. முன்னங்கால் பக்கம் காகிதம் கறுக்கும். இடது பின்னங்காலைக் கிள்ளினால் இடது பின்பக்கம் கறுக்கும். கிள்ளிய இடத்தைப் பார்த்தே குறிவைக்கிறது என்பதற்கு அந்தக் காகிதமே சாட்சி. 1999-ல் அவரும் அனஷான்ஸ்லியும் வெளியிட்ட புகைப்படங்களில், ஆப்பிரிக்க இனம் ஒன்று முதுகுக்கு மேலாகவும் கால்களுக்கு இடையிலும் வயிற்று நுனியை வளைத்துக் குறிபார்ப்பது தெளிவாகத் தெரிகிறது. ஒரு முறை நிரம்பிய சேமிப்பு அறையால் இருபது தடவைக்கு மேல் சுட முடியும்.

ஆனால் ஒரு கேள்வி அப்படியே நின்றது. கெட்டி அறைக்குள் வெடிக்கும்போது அந்த அழுத்தம் பின்னோக்கிப் பாய்ந்து சேமிப்பு அறையை ஏன் கிழித்துவிடவில்லை? நொதி ஒரு துளி பின்பக்கம் தெறித்தால் போதும், சேமிப்பு முழுவதும் ஒரே நேரத்தில் வெடித்து வண்டு சிதறிவிடும். 100 டிகிரிச் சூட்டில் வண்டின் தசையும் நரம்பும் வெந்துபோகாதது எப்படி?

பாதி விடை 1990-ல் வந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஹெரால்ட் எட்ஜெர்டன் அதிவேகப் புகைப்படத்தின் முன்னோடி. ஆப்பிளைத் துளைத்து வெளிவரும் துப்பாக்கிக் குண்டை நிறுத்திப் படம் பிடித்தவர். அவருடைய கருவிகளின் துணையோடு ஐஸ்னர் குழு பார்த்தபோது, நம் கண்ணுக்கு ஒரே தாரையாகத் தெரிவது தாரையே அல்ல, தனித்தனி வெடிப்புகளின் வரிசை என்று தெரிந்தது. ஒரு விநாடிக்குச் சராசரி 500 வெடிப்பு. தெறிக்கும் வேகம் விநாடிக்கு 10 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. இரண்டாம் உலகப்போரில் லண்டன்மேல் ஜெர்மனி ஏவிய வி-1 பறக்கும் குண்டின் இன்ஜினும் இப்படி விட்டுவிட்டு எரிந்துதான் ஓடியது. இந்த ஒற்றுமையை அந்தக் குழுவின் 1990 கட்டுரையே சுட்டிக்காட்டியது.

விநாடிக்கு 500 தடவை வால்வைத் திறந்து மூடுவது எது? இந்த வேலையைச் செய்வது தசை அல்ல. மீதி விடைக்கு 25 வருஷம் காத்திருக்க வேண்டியதாயிற்று. 2015-ல் எரிக் ஆர்ன்ட், வெண்டி மூர், வா-கீட் லீ, கிறிஸ்டின் ஓர்ட்டிஸ் ஆகியோர் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் சிங்க்ரோட்ரான் எக்ஸ்ரே கொண்டு உயிருள்ள வண்டின் வயிற்றுக்குள் நடப்பதைப் படம் பிடித்தார்கள். விநாடிக்கு 2,000 படம். கெட்டி அறையின் சுவரில் வால்வை ஒட்டிய ஓர் இடம் மட்டும் கெட்டியாக இல்லை. மெல்லிய, நெகிழும் சவ்வு. உள்ளே வெடித்ததும் அந்தச் சவ்வு உப்புகிறது. உப்பி வால்வை அடைக்கிறது. புயல் காற்றில் தானாக அறைந்து சாத்திக்கொள்ளும் கதவைப்போல, வெடிப்பே கதவைச் சாத்துகிறது. திரவம் வெளியே போனதும் அழுத்தம் குறைகிறது, சவ்வு சுருங்குகிறது, வால்வு திறக்கிறது, அடுத்த துளி உள்ளே வருகிறது. வண்டு செய்ய வேண்டியதெல்லாம் சேமிப்பு அறையை ஒரே சீராக அழுத்திக்கொண்டிருப்பதுதான். மூளையும் நரம்பும் அந்த 500 தடவையில் ஒன்றைக்கூட எண்ண வேண்டியதில்லை.

சூடு பற்றிய கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. எல்லாம் ஒரே வெடியாக இருந்தால் சுவர் வெந்துவிடும். துளித்துளியாக வெடிப்பதால் ஒவ்வொரு வெடிப்புக்கும் நடுவில் உள்ளே வரும் புதுத் திரவம் சுவரைக் கொஞ்சம் குளிர வைக்கிறது. என்னைக் கேட்டால் இந்த வண்டின் மேன்மை அது வெடிக்கிறது என்பதில் இல்லை. வெடிமருந்தை வயிற்றில் வைத்துக்கொண்டு வாழ்நாளெல்லாம் ஒன்றும் ஆகாமல் தூங்குகிறது, நடக்கிறது, இரை தேடுகிறது என்பதில் இருக்கிறது. தாக்குதலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் நாம் இந்தச் சேமிப்பையும் இந்தக் கதவையும் கவனிக்கத் தவறிவிடுகிறோம்.

வினையைக் கட்டுக்குள் வைப்பது என்ற சங்கதி சீத்தா கேம்ப்காரர்களுக்குத் தூரத்து விஷயம் அல்ல. ட்ராம்பேயில் எங்களுக்கு அண்டை வீடு பாபா அணு ஆராய்ச்சி மையம். அங்கே 1956 ஆகஸ்டு 4 அன்று அப்சரா உலை இயங்கத் தொடங்கியது. 1960-ல் சைரஸ், 1985-ல் துருவா. அணு உலையில் நடப்பது வேறு வகை வினை. அணுக்கருவே பிளக்கிறது, அதன் ஆற்றலுக்குப் பக்கத்தில் எந்த ரசாயன வினையும் வராது. ஆனால் பொறியாளர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: தொடங்கிய வினை கைமீறிப் போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? உலையில் நியூட்ரான்களை விழுங்கும் தண்டுகளை இறக்குகிறார்கள். தண்டை இறக்கக் கருவி வேண்டும், கருவியைக் கவனிக்க ஆள் வேண்டும். அதனால்தான் யாரும் கவனிக்காவிட்டாலும் தானாக அடங்கும் ஏற்பாடுகளைப் பாதுகாப்புப் பொறியியல் பெரிதாக மதிக்கிறது. வண்டின் சவ்வு அந்த வகை ஏற்பாடு. அழுத்தம் கூடினால் அடைக்கும், குறைந்தால் திறக்கும்.

அணு ஆராய்ச்சி மையத்தின் மதில் எங்கள் ஊர் வரலாற்றிலும் இருக்கிறது. 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில், எங்கள் மக்கள் முன்பு குடியிருந்த ஜனதா காலனி அந்த மையத்துக்காக இடிக்கப்பட்டது. சுமார் 70,000 பேரைக் கொண்டுவந்து இந்தச் சதுப்பில் இறக்கினார்கள். அந்த இடிப்பை எதிர்த்து வருஷக்கணக்கில் போராடியவர் கோலார் தங்கவயலில் பிறந்த ஜோக்கின் அற்புதம். பின்னாளில் 2000-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அறிவியல் என்பது மதிலுக்கு அந்தப் பக்கம், அடையாள அட்டை உள்ளவர்களுக்கு மட்டும் என்று எங்கள் பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது. மெழுகும் கம்பியும் காகிதமும் வைத்து ஐஸ்னர் செய்ததற்கு எந்த மதிலும் தேவைப்படவில்லை.

இந்த ஆயுதம் எவ்வளவு தூரம் காப்பாற்றும்? ஜப்பானில் கோபே பல்கலைக்கழகத்தின் ஷின்ஜி சுகியுராவும் தகுயா சாத்தோவும் 2018-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நம் ஃபெரோப்சோஃபஸுக்கு நெருங்கிய உறவான ஜப்பானிய இனத்தைத் தேரைகளுக்கு முன்னே விட்டார்கள். தேரைகள் விழுங்கின. தேரையின் வயிற்றுக்குள்ளிருந்து வெடிச் சத்தம் கேட்டது. 43 சதவீதத் தேரைகள், விழுங்கி 12 நிமிடத்திலிருந்து 107 நிமிடத்துக்குள், வண்டைக் கக்கிவிட்டன. தேரை கக்கும்போது இரைப்பையையே வாய்வழியாக வெளியே புரட்டிப் போடும். சளியில் நனைந்து வெளியே வந்த வண்டுகள் அத்தனையும் உயிரோடு நடந்தன. முன்கூட்டியே சீண்டிச் சீண்டிச் சேமிப்பைக் காலிசெய்துவிட்ட வண்டுகளோ பெரும்பாலும் செரித்துப்போயின. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இரைப்பை அமிலத்தில் கிடந்து திரும்பி வருவதை நினைத்துப் பாருங்கள். அதே ஆண்டு சுகியுரா தவளைகளை வைத்துச் செய்த சோதனையில், பல தவளைகள் நாக்கு பட்டவுடனே, வண்டு சுடுவதற்கு முன்பே, விட்டுவிட்டன. ஆயுதம் பேர் வாங்கிவிட்டால் ஒவ்வொரு முறையும் அதை எடுக்க வேண்டியதில்லை என்று தோன்றுகிறது.

எல்லாத் தரை வண்டும் கொதிக்க வைப்பதில்லை. தென்னிந்தியப் பொட்டல் காடுகளிலும் புதர்க்காடுகளிலும் ஒரு பெரிய கறுப்பு வண்டு ஓடும். 4 சென்டிமீட்டர் இருக்கும், உடம்பில் ஆறு வெள்ளைப் புள்ளி. ஆன்தியா செக்ஸ்குட்டாட்டா என்று அதற்கு அறிவியல் பெயர். 1775-ல் டென்மார்க்கின் ஃபாப்ரிசியஸ் விவரித்தது. ஆறுபுள்ளி வண்டு என்று சொன்னாலே போதும். பறக்காது. இது பீய்ச்சுவது ஃபார்மிக் அமிலம். மாமரத்தில் ஏறி முசுறிடம் கடி வாங்கியவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும், முசுறு எறும்பின் ஆயுதமும் அதே அமிலம்தான். ஆறுபுள்ளி வண்டுக்கு இரண்டாவது அறை தேவையில்லை. தயாரித்ததை அப்படியே தெறிக்கிறது. கண்ணில் பட்டால் கடும் வேதனை.

அதே புதர்க்காட்டு மண்ணில் ஒரு கரப்பான் வாழ்கிறது. கறுப்பு உடம்பில் ஏழு வெள்ளைப் புள்ளி. தேரியா பெட்டிவெரியானா என்பது அதன் பெயர். அமிலம் பீய்ச்சும் ஆறுபுள்ளி வண்டின் சாயலை அது தரித்திருக்கிறது, அந்தச் சாயலைக் கண்டு பறவைகள் ஒதுங்கும் என்பது பூச்சியியலாளர்களின் கருத்து. தமிழ்நாட்டில் புதர்க்காட்டைத் தரிசு என்று பட்டா போட்டுக் கொடுத்துவிடுகிறோம். ஆயுதம் வைத்திருக்கும் வண்டும், அதன் பெயரில் பிழைக்கும் கரப்பானும் அந்தத் 'தரிசில்' குடியிருப்பவைதான்.

பீரங்கி வண்டை எடுத்துக்காட்டி, இவ்வளவு சிக்கலான ஏற்பாடு படிப்படியாக வந்திருக்க முடியாது, பாதி ஏற்பாடு இருந்தாலே வண்டு வெடித்துச் செத்திருக்கும் என்று பரிணாமத்தை மறுப்பவர்கள் வாதிடுவதுண்டு. வாதம் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மை வேறு. குவினோன்கள் பூச்சிகளுக்குப் புதுச் சரக்கல்ல. தோலை இறுக வைக்கவே பூச்சிகள் அவற்றைப் பயன்படுத்துகின்றன. கேட்டலேஸ் நம் ரத்தம் உட்பட எங்கும் இருக்கிறது. வெடிக்காமல் குவினோனைக் கசிய விடும் வண்டுகள் ஏராளம். இடைப்பட்ட படியும் உயிரோடு இருக்கிறது: கலிஃபோர்னியாவின் மெட்ரியஸ் கன்ட்ராக்டஸ். 2000-ல் ஐஸ்னர் குழு அதை ஆராய்ந்தது. அதனிடம் தாரையும் இல்லை, விநாடிக்கு 500 வெடிப்பும் இல்லை. வயிற்று நுனியில் சூடான நுரை பொங்குகிறது, அவ்வளவே. வெப்பம் 55 டிகிரி. எறும்பை விரட்ட அதுவே போதுமானதாக இருக்கிறது. இந்தியாவில் எறும்புப் புற்றுக்குள் குடியிருக்கும் பாசஸ் வண்டுகளும் இந்த வித்தை தெரிந்தவை. அவற்றின் உறவினங்கள் சிலவற்றுக்குச் சிறகின் ஓரத்தில் வளைந்த விளிம்பு உண்டு. தெறிக்கும் திரவம் அந்த வளைவை ஒட்டியே திரும்பி முன்பக்கம் பாயும். இதை 1982-ல் கண்டுபிடித்தார்கள். நுனியைத் திருப்ப முடியாதவை விளிம்பால் குறிபார்க்கின்றன.

மனிதருக்கு இதனால் என்ன ஆபத்து என்று கேட்பீர்கள். கையால் பிடித்தால் சுருக்கென்று சுடும். பட்ட இடம் பழுப்புக் கறையாகிச் சில நாள் போகாது. கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவி டாக்டரிடம் போக வேண்டும். மற்றபடி அது நம்மைத் தேடி வருவதில்லை. மழைக்காலத்தில் டியூப்லைட்டைச் சுற்றும் ஒரு சின்னப் பூச்சியால் கழுத்திலும் கன்னத்திலும் கோடுகோடாகக் கொப்புளம் வருமே, சிலர் ஆசிட் பூச்சி என்பார்கள், அது வேறு. அது பேடரஸ் என்ற மெல்லிய ஆரஞ்சு-கறுப்பு வண்டு. அது பீய்ச்சுவதே இல்லை. தூக்கத்தில் நாம் தோலோடு வைத்து நசுக்கும்போது அதன் ரத்தத்தில் இருக்கும் பெடெரின் என்ற நஞ்சு தோலில் பரவுகிறது. ஊதித் தள்ளிவிட்டால் ஒன்றும் ஆகாது. நசுக்கிவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதன் குற்றத்தைப் பீரங்கி வண்டின்மேல் சுமத்த வேண்டாம்.

சுமத்தக் கூடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மடியில் கட்டிக்கொண்டால் குடைந்துகொண்டே இருக்கும் என்று நாம் சொல்லும் பிள்ளைப்பூச்சி, மண்ணைத் துளைத்துப் பயிரின் வேரையும் நாற்றையும் அறுக்கக்கூடியது. ஃபெரோப்சோஃபஸின் குஞ்சுப் புழுக்கள் வளர்வது பிள்ளைப்பூச்சியின் முட்டைகளைத் தின்றுதான். ஜப்பானிய இனத்திலும் தென்னமெரிக்க இனத்திலும் இதை உறுதி செய்திருக்கிறார்கள். தென்னமெரிக்க இனத்தை ஃப்ளோரிடாவில் பிள்ளைப்பூச்சியை அடக்கக் கொண்டுவரலாமா என்றுகூட ஆராய்ந்தார்கள். தாய் வண்டு பிள்ளைப்பூச்சியின் வளைப் பக்கம் முட்டையிடும். பொரித்த புழு வளைக்குள் இறங்கி முட்டைக் குவியலைக் கண்டுபிடித்துத் தின்னும். வளர்ந்த வண்டோ இரவில் மற்றப் பூச்சிகளை வேட்டையாடும், செத்ததையும் தின்னும். வரப்பில் பூச்சிமருந்து அடிக்கும்போது முதலில் போவது இப்படி மண்மேல் நடக்கும் காவலர்கள்தான்.

இந்தியத் தரை வண்டுகளை அடையாளம் காண விரும்புகிறவர்கள் ஹெர்பெர்ட் ஆண்ட்ரூஸ் 1929-லும் 1935-லும் வெளியிட்ட இரண்டு தொகுதிகளை இன்றும் புரட்ட வேண்டியிருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்குகள் வரிசையில் வந்தவை அவை. ரசாயனத்திலும் சிங்க்ரோட்ரானிலும் நான் மேலே சொன்ன ஆராய்ச்சிகள் எல்லாம் வெளிநாட்டு இனங்களில் நடந்தவை. நம் வரப்பில் நடக்கும் வண்டுக்கு இதுவரை கிடைத்த கவனம் அதன் தகுதிக்குக் காணாது என்பது என் தீர்மானமான கருத்து. இதைச் சரிசெய்யப் பெரிய ஆய்வகம் வந்தாக வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

எனவே வாசகரிடம், முக்கியமாக எங்கள் பகுதியின் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். ஊருக்குப் போகும்போது, இல்லையென்றால் போரிவலி தேசியப் பூங்காவுக்குப் பெரியவர்களோடு போகும்போது, ஈரமான பாதையோரத்தில் கண்ணை வையுங்கள். மஞ்சள் திட்டு விழுந்த, நுனி வெட்டுப்பட்ட சிறகுள்ள வண்டைக் கண்டால் கையால் தொடாதீர்கள், மிதிக்காதீர்கள். ஒரு குச்சியின் நுனியால் மெல்லத் தொட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, சத்தத்தைக் கேளுங்கள். ஒரு முறை போதும். அந்தச் சேமிப்பை மறுபடி நிரப்ப அதற்கு நாளாகும். மொபைலில் மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். தேதி, நேரம், ஊர், எதன் அடியில் இருந்தது, மண் ஈரமா காய்ந்ததா என்று எழுதுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்யலாம். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் வண்டு தெரிந்தவர் ஒருவர் அதற்குப் பெயர் சொல்ல வருவார். புரட்டிய கல்லை இருந்த மாதிரியே திருப்பி வைத்துவிட்டு வாருங்கள்.